பெரிய கார்புரேட்டர்

"இதைவிடப் பெருசு இல்லையா பாய்?"

வீரபாண்டி மூன்றாவது முறையாகக் கேட்டான். அம்பாசிடரின் பானட் திறந்து கிடந்தது. குமுளியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அலியார் பாய் கையைத் துடைத்தபடி சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் வண்டியின் முதலாளி நல்லதம்பி காத்திருந்தார்.

அரிசி கேரள எல்லை தாண்டத் தடை இருந்த எழுபதுகள் அவை. கம்பத்தில் மூட்டை ஏற்றி, மலையேறி, சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொண்டுவருவதுதான் நல்லதம்பியின் தொழில். போன வாரம் சாவடிக் காவலர் வேதமுத்து நடுச்சாலையில் நின்று கைகாட்டியபோது, வீரபாண்டி பிரேக் அடித்து, வண்டியை ஒடித்துத் திருப்பி எப்படியோ தப்பி வந்தான்.

அதற்கு நல்லதம்பியிடம் கிடைத்தது அறை.

"இனி அவன் குறுக்க நின்னா ஏத்திட்டுப் போ. ஒம் பொண்டாட்டி பிள்ளை என் தோட்டத்து லயத்துலதான் குடியிருக்கு. மறந்துராத."

இந்தக் கதை குமுளிக்கே தெரியும். வேகம் கேட்டு வந்திருக்கிறான் என்று பாய் நினைத்துக்கொண்டார்.

"பழைய அமெரிக்கன் காருல கழட்டுனது ஒண்ணு கெடக்கு. இந்த எஞ்சினுக்கு அது ஆகாதுப்பா. எஞ்சின் எம்புட்டுக் காத்தை இழுக்குமோ, அம்புட்டுக்குத்தான் கார்புரேட்டருக்கு வாய் இருக்கணும். வாய் பெருத்தா காத்து சோம்பிப்போயிரும். பெட்ரோலைச் சேத்து இழுக்காது."

"பந்தயக் காருக்கெல்லாம் பெருசுதான போடுறாங்க?"

"அவன் காலை எடுக்காம மிதிச்சுக்கிட்டே போவான். நீ ரோட்டுல ஓட்டுறவன். காலை எடுத்துட்டுத் திரும்ப அமுக்குனா இருமும். ஏத்தத்துல லோடோட இருந்தா அணைஞ்சே போகும்."

"நான் காலை எடுக்க மாட்டேன் பாய். அதையே போடுங்க."

பாய்க்குக் கை வரவில்லை. வேதமுத்து தினமும் அவர் கடை வாசலில்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவார்.

"மனுச உசுருப்பா" என்றார் மெதுவாக.

வீரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிர்ப்புறமிருந்து, "முடிஞ்சுதா?" என்று நல்லதம்பியின் குரல் வந்தது. பாய் ஸ்பானரை எடுத்தார்.

இறக்கத்தில் வண்டி ஒரு குறையும் இல்லாமல் போனது. கம்பத்தில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டைகளை அடுக்கினார்கள். திரும்பி மலையேறும்போது பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது.

வீரபாண்டி மிதித்த கால் மிதித்தபடியே ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் டயர்கள் அலறின. பக்கத்தில் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு நல்லதம்பி சிரித்தார்.

"இப்பத்தான்டா நீ டிரைவரு!"

கடைசி வளைவு திரும்பியது. பனிக்குள் சாவடித் தடுப்பு மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால், நடுச்சாலையில், கையை உயர்த்தியபடி வேதமுத்து. இந்த முறையும் அவர் நகர்வதாக இல்லை.

"ஏத்துடா!"

வீரபாண்டியின் கால் ஒரு கணம் மேலே எழும்பியது. மறுகணம் பெடலைத் தரையோடு சேர்த்து அழுத்தினான்.

எஞ்சின் இருமியது. வண்டி ஒருமுறை குலுங்கியது. இன்னொரு முறை குலுங்கி, வேதமுத்துவுக்குப் பத்தடி முன்னால் செத்து நின்றது.

"ஸ்டார்ட் பண்ணுடா!"

சாவியைத் திருப்பத் திருப்பப் பெட்ரோல் வாடைதான் வந்தது. காவலர்கள் ஓடிவந்து இரண்டு கதவையும் திறந்தார்கள்.

"அந்த மெக்கானிக் கழுத்தறுத்துட்டான்!" என்று கத்தியபடியே போலீஸ் ஜீப்பில் ஏறினார் நல்லதம்பி.

சத்தம் கேட்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடிவந்த அலியார் பாய், வேதமுத்து முழுசாக நிற்பதைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டார். பிறகு, விலங்கு மாட்டிய கைகளோடு நின்ற வீரபாண்டியிடம் போனார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா, காலை எடுத்தா அணைஞ்சுரும்னு! எடுக்க மாட்டேன்னு சொன்னியே!"

வீரபாண்டி ஜீப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நிக்கணும்னுதான் பாய் பெருசாக் கேட்டேன்."