அட்டையில் விழுகிறவள்

"என் கதையில அவ விழவே இல்லையே! அப்புறம் அட்டையில எப்படி விழறா?"

அச்சாகி வந்த அட்டையை மேஜைமேல் போட்டாள் கதாசிரியை.

மாதாமாதம் வெளிவரும் குழந்தைகளுக்கான சித்திரக்கதைப் புத்தகம் அது. அட்டையில் கூந்தல் பறக்க, வாய் பிளந்தபடி, பாலத்துக்குக் கீழே அந்தரத்தில் பெண் நிருபர். எதிரே பறந்து வரும் வீரன். அவள் இடுப்பிலிருந்து பாலத்தின் கைப்பிடி வரை மறைத்தபடி, வீரனின் முகம் போட்ட இலவச ஸ்டிக்கர்.

"அவ விழுந்தாத்தான் விக்கும், தங்கச்சி" என்றார் ஆசிரியர். அவளுடைய சொந்த அண்ணன். "விழலைன்னா வீரனுக்கு என்ன வேலை?"

"ஒரு மாசம் சும்மா இருக்கட்டுமே! இவ சிமென்ட்டைச் சோதனைக்கு அனுப்புறா, இன்ஜினீயரை மடக்கிக் கேள்வி கேட்கிறா, இடியறதுக்கு முன்னாடியே செய்தி போட்டு பாலத்தை மூட வைக்கிறா. வீரன் செஞ்சது முதல் பக்கத்துல பாலத்துக்கு ரிப்பன் வெட்டினது மட்டும்தான்!"

"எல்லாம் சரி. அட்டை அச்சாகி ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. கடைசிப் பக்கத்துல 'ஐயோ, காப்பாத்துங்க'ன்னு ஒரு வரி எழுதிடு."

"அப்படின்னா கதையிலிருந்து என் பேரை எடுத்துடுங்க."

மூலையில் கடைசிப் பக்கத்தை வரைந்துகொண்டிருந்த ஓவியர் பக்கம் திரும்பினாள். அவளுடைய கணவர்.

"ஏங்க, கதையைப் படிச்சீங்களா, இல்லையா?"

"படிச்சேனே."

"படிச்சுட்டுமா இப்படி வரைஞ்சீங்க?"

"படிச்சதாலதான்." ரப்பர் தூளை ஊதினார் அவர்.

"மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்துட்டீங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்!"

"வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. புத்தகம் கைக்கு வந்ததும் பசங்க முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"ஸ்டிக்கரை உரிப்பாங்க."

"உரி."

வேண்டாவெறுப்பாக ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். வீரனின் முகம் மெல்லக் கழன்று வந்தது.

அடியில், நிருபரின் இடுப்பைச் சுற்றி ஒரு தடிமனான கயிறு. மறுமுனை பாலத்தின் கைப்பிடியில் இறுக்கமாக முடிச்சிட்டிருந்தது. அவள் கையில் கேமரா. அது குறி வைத்திருந்தது, பாலத்தின் அடியில் ஓடிய விரிசலை.

"அடப்பாவி மாப்பிள்ளை!" ஆசிரியர் எழுந்தே விட்டார். "ஸ்டிக்கரை அங்கேதான் ஒட்டணும்னு அடம் பிடிச்சது இதுக்குத்தானா?"

"நீங்க கேட்டபடி கடையில விழறா, மச்சான். வீட்டுக்குப் போனதும் வேலை பார்க்கிறா."

கதாசிரியைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்போ எதுக்கு இப்படி அலறுறா?"

"அலறுறான்னு யார் சொன்னா? நிருபர் வாயைத் திறந்தா கேள்வியா இருக்கக் கூடாதா?" வரைந்துகொண்டிருந்த பக்கத்தை அவள் பக்கம் தள்ளினார். அதே காட்சி. நிருபரின் வாயருகே பெரிய வெற்றுப் பேச்சுக் குமிழ். "என்ன கேள்வின்னு நீதான் எழுதணும்."

 அவள் அவர் பென்சிலைப் பிடுங்கிக் குமிழுக்குள் எழுதினாள்:

'ரிப்பன் வெட்டினீங்களே வீரரே, அதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழே பார்த்தீங்களா?'

எட்டிப் படித்த ஆசிரியர் காதைச் சொறிந்தார். "இது வீரனைக் கேட்கிறியா தங்கச்சி, என்னைக் கேட்கிறியா?"

"என்னையும் சேர்த்துத்தான் அண்ணா. நானும் ஸ்டிக்கருக்கு அடியில பார்க்காமத்தானே கத்தினேன்" என்றவள், பென்சிலைக் கூராகச் சீவிக் கணவரிடம் நீட்டினாள்.