இருநூற்றில் நிற்கும் முள்

கூடுதல் இழுவைக்காக மாற்றிக் கட்டிய டர்போ லாரியை, ஓடி வந்த சூட்டோடு அணைக்கக் கூடாது. புகைச் சூட்டைக் காட்டும் முள் நூற்றைம்பது டிகிரிக்கு இறங்கும்வரை இன்ஜின் சும்மா ஓட வேண்டும்.

அந்த நேரத்தில் டிரைவரின் மனைவி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "அது மூச்சு வாங்கட்டும். நீங்க இன்னிக்கு என்ன கூத்தடிச்சீங்க, சொல்லுங்க." டிரைவரின் அறுவைக் கதைகளைக் கேட்க உலகத்தில் வேறு ஆள் கிடைத்ததில்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டு வாசலில் மட்டும் முள் இருநூற்றிலேயே நின்றது. காலி சீட்டிடம் அன்றைய கதையைச் சொன்னால்தான் இறங்கியது.

"வண்டி தங்கம்ண்ணே. உங்களத்தான் கழட்டிப் பாக்கணும்" என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக். ஆனாலும் சோதிக்கப் பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போனார்.

மறுநாள் மாலை டிரைவர் பஸ்ஸில் வீடு திரும்பினார். லாரி வாசலில் சில்லிட்டுக் கிடந்தது. முள் இருநூற்றில் நின்றது.

ஏறி உட்கார்ந்தார். "பஸ்ல ஒருத்தன் என் தோள்லயே தூங்கிட்டான். எழுப்ப மனசு வரல. என் ஸ்டாப்பும் போயிடுச்சு…"

முள் மெல்ல இறங்கியது. நூற்றைம்பதைத் தொட்டுவிட்டால் ஆளில்லாத வீட்டுக்குள் போயாக வேண்டும். அதனால் பாதிக் கதையில் வாயை மூடிக்கொண்டார்.

முள் பொறுமையிழந்து மேலே ஏறத் தொடங்கியது.