காந்தப் பரீட்சை

"காலுக்குள்ள தகடு இருந்தா காந்தம் ஒட்டணும். ஒட்டலைன்னா நாளையிலிருந்து ஏணிதான்!"

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அருள்சாமி அடித்துச் சொல்லிவிட்டார். சிங்கராயர் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

மிளகு பறிக்க ஏணியேறி, விழுந்து, கால் முறிந்து, தகடு வைத்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து காப்பிக் களத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் வேலை. அது எஸ்டேட்டில் பல பேர் கண்ணை உறுத்தியது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால், "சீட்டு யார் வேணா எழுதுவாங்க" என்றார்கள்.

"ஏனுங்க, இது நொம்ப ஒசந்த ஸ்டீலுங்க. நிக்கல், குரோமியமெல்லாம் கலந்தது. துருவும் புடிக்காது, காந்தமும் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாருங்க. நல்ல எவர்சில்வர்லகூட ஒட்டாதுங்க."

"அப்படியா?" ரைட்டர் தன் டீ டம்ளரில் காந்தத்தை வைத்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. "அப்ப இதென்ன, மண்சட்டியா?"

ரைட்டரின் டம்ளர் மட்டமான எவர்சில்வர் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வெச்சுப் பாருங்க ரைட்டரய்யா, குட்டு வெளியாகட்டும்!" கூட வேலை பார்க்கும் முத்தாயி முந்திக்கொண்டு வந்தாள். எஸ்டேட்டிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். "அட, கட்டு அவுந்து தொங்குது. இதையே சாக்கு சொல்லித் தப்பிச்சுக்குவாரு."

குத்தவைத்து உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, வலிக்க வலிக்க இறுக்கிக் கட்டினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றவே பிறந்தவள் என்று சிங்கராயர் மனதுக்குள் திட்டினார்.

ரைட்டர் காந்தத்தைக் காலருகே கொண்டுபோனார். சிங்கராயர் கண்ணை இறுக மூடி அந்தோணியாரைக் கூப்பிட்டார்.

டக்!

ஒட்டிக்கொண்டது. ரைட்டர் பிடுங்கிப் பார்த்தார், மறுபடி வைத்தார். மறுபடியும் டக்.

"நெசந்தான்பா! சிங்கராயரே, நீங்க களத்துலயே இருங்க."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சிங்கராயருக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. டாக்டர் ஏமாற்றி மட்ட இரும்பை வைத்துவிட்டாரோ?

முத்தாயி மட்டும் திரும்பி வந்தாள்.

"பயப்படாதீங்கண்ணா. எம்பொண்ணு கையிலயும் அதே தகடுதான். ஒசந்த ஸ்டீலு, ஒட்டவே ஒட்டாது. அந்த உண்மையச் சொன்னா இவங்க நம்பவா போறாங்க?"

"அப்புறம் எப்படி முத்தாயி ஒட்டுச்சு?"

"கட்டுக்குள்ள கைய விட்டு என் சுண்ணாம்பு டப்பாவோட தகர மூடிய எடுத்துக் குடுங்க. சுண்ணாம்பு காயுது!"