வென்ற கட்சி

கதவைத் திறந்த அண்ணி மிசுஹோ, கெய்ஜியின் கையிலிருந்த பீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"டிவியில சொன்னாங்க தம்பி. உங்க ஹெச்.டி. டிவிடியை நிறுத்தப் போறாங்களாமே?"

"ஆமா அண்ணி. இனிமே ப்ளூ-ரேதான். அண்ணன் கட்சி ஜெயிச்சிடுச்சு."

அண்ணன், தம்பி இருவரும் பொறியாளர்கள். டோக்கியோவில் எதிரெதிர்க் கம்பெனிகள். யாருடைய படத்தட்டு நிலைக்கும் என்ற போட்டியில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தையே இல்லை.

கெய்ஜி உள்ளறைக்குப் போய்ப் பாயில் மண்டியிட்டான். இரண்டு கோப்பைகளில் பீரை ஊற்றி, ஒன்றை அண்ணன் முன்னால் வைத்தான்.

"'உன் தட்டு விளங்காதுடா'ன்னு சொன்னியே அண்ணே, அப்படியே ஆயிடுச்சு. தோத்தவன் நானே தேடி வந்துட்டேன். இன்னும் என்ன வீராப்பு? வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டேன்!"

அண்ணி ஊதுபத்தி கொளுத்தி, அண்ணன் படத்துக்கு முன்னால் சாம்பல் கிண்ணத்தில் செருகினாள். பக்கத்திலிருந்த வெண்கல மணியைத் தட்டி, ஓசை அடங்கும்வரை கைகூப்பியிருந்தாள்.

"'இந்தப் போட்டி முடியட்டும், ஒரு வாரம் படுத்துத் தூங்கறேன்'னு சொல்லிட்டே இருந்த மனுஷன். ஆபீஸ் மேஜையிலயே சாஞ்சுட்டார்."

அவள் திரும்பவில்லை.

"நீங்க ஒரு மாசம் முன்னாடியே தோத்திருக்கக் கூடாதா, தம்பி?"