மூன்று பேரும் ஒரு குடல்வாலும்

"பத்து வரைக்கும் எண்ணுங்க இன்ஸ்பெக்டர். நடுவுல தாண்டக் கூடாது," என்றாள் மயக்க மருந்து டாக்டர் ரோடா மாலின்சன், முகமூடியைக் கையில் எடுத்தபடி.

அறுவை மேசையில் மல்லாந்து கிடந்த இன்ஸ்பெக்டர் குவெனலுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இதே மேசையில், இதே மூன்று பேர் சுற்றி நிற்க, ஹெக்டர் பிம் என்பவன் மயக்கம் தெளியாமலே போய்ச் சேர்ந்தான். யாரோ ஊசியில் விஷம் ஏற்றியிருந்தார்கள். போரில் ஜெர்மன் குண்டு விழுந்த வீடுகளில், உயிர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் விரலிலிருந்துகூட மோதிரம் கழற்றியவன் என்று ஊருக்குள் பேச்சு. அழ ஆளில்லை.

ஆறு நாளாக இன்ஸ்பெக்டருக்கு ஒரே கொண்டாட்டம். சர்ஜன் ஸ்ட்ரேக்கின் தேநீரை எடுத்துக் குடிப்பார். தலைமை நர்ஸ் பார்ஜிட்டரின் கழுத்தைப் பார்த்து, கயிறு எத்தனை அடி வேண்டும் என்று கண்ணால் அளப்பார். "உங்க மூணு பேர்ல ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே போவார்.

இன்று காலை விசில் பாதியில் நின்றது.

குடல்வால். ஒரு மணி நேரத்தில் வெடித்துவிடும் என்றார் ஸ்ட்ரேக். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் மெயிட்ஸ்டோன் நகருக்குப் போகும் சாலையோ குண்டு விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. இந்த மூன்று பேரை விட்டால் வேறு கதியில்லை.

"யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?" ஸ்ட்ரேக் கையுறையை இழுத்து மாட்டினார். "சொல்லிட்டுத் தூங்குங்களேன். எங்களுக்கும் நிம்மதி."

பார்ஜிட்டர் முகத்துணிக்குள் களுக்கென்று சிரித்தாள்.

அப்போதுதான் மேலே அந்த இரைச்சல் கேட்டது. ஆளில்லாப் பறக்கும் குண்டு. நெருங்கி வந்து, சட்டென்று ஓய்ந்தது. ஓய்ந்தால் விழப்போகிறது என்று கென்ட் மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும்.

ஸ்ட்ரேக்கும் பார்ஜிட்டரும் மேசைக்கடியில் குனிந்தார்கள். ரோடா மட்டும் இன்ஸ்பெக்டர்மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அவர் தலையைப் பொத்திக்கொண்டாள்.

ஆப்பிள் தோட்டத்துக்கு அப்பால் எங்கோ வெடித்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவள் நிமிர்ந்து, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, முகமூடியை வைத்தாள்.

நாலு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில். வாயெல்லாம் கசப்பு. வயிற்றில் வலி. வலி இத்தனை இனிக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

கட்டிலருகே ரோடா உட்கார்ந்திருந்தாள். வெள்ளை அங்கி இல்லை. தலையில் தொப்பி, காலடியில் சின்னப் பெட்டி, ரயிலுக்குப் புறப்பட்டவள் மாதிரி. மடியில் அவருடைய கோட்டு.

"உங்களை மேசையில ஏத்துறதுக்கு முன்னாடி இதைக் கழட்டினது நான்தான்."

உள்பையிலிருந்து கைது ஆணையை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, அவர் போர்வைமேல் வைத்தாள்.

"என் பேர்ல ரெண்டு 'எல்' வரும் இன்ஸ்பெக்டர். இதுல ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. திருத்திடுங்க."