பெரட்டில்லாத காலை

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கலாவதி, வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தனியாக நிற்கிறாள். தலைத்துணி கட்டியாகிவிட்டது, உதிர்ந்த செம்பனை எண்ணெய்ப் பழங்களைப் பொறுக்கிப் போடும் சாக்கு கக்கத்தில் இருக்கிறது. இன்று மே முதல் தேதி, தொழிலாளர் தினம். தோட்டமே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஆபீஸ் விளக்கை நான்கைந்து ஈசல்கள் சுற்றுகின்றன. கம்பத்துக் கொடி பனியில் நனைந்து தொங்குகிறது. லயத்து வீட்டு வரிசையில் ஏதோ ஒரு குழாய் சொட்டுகிறது; அவள் வீட்டில் அந்தச் சத்தம்கூடக் கிடையாது. கிள்ளான் டவுனில் இருக்கும் மகன் போன் பண்ணினால் "மா" என்பான். பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையன்களுக்கு அவள் "ஆன்ட்டி". வேலையை மேற்பார்க்கும் மண்டோர் செல்லன் மட்டும்தான் காலைப் பெரட்டில் ஆள் எடுக்கும்போது "கலாவதீ" என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்பாள். அவள் பேர் ஒரு நாளில் காற்றில் படுவது அந்த ஒரு தடவைதான்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கிறது. மண்டோர்தான், சலவைச் சட்டை போட்டிருக்கிறார். பின்னால் அவர் மனைவி, மடியில் பூக்கூடை. கோலா சிலாங்கூர் கோயிலுக்குப் போகிறார்கள்.

"இங்க என்னா பண்ற? இன்னிக்கு லீவு லா."

"மறந்துட்டேன் மண்டோரே." அவள் மறக்கவில்லை.

"நல்ல ஆளு. போய்ப் படு. நாளைக்கும் வந்து நிக்காத, ஞாயித்துக்கெழம."

வண்டி செம்பனைகளுக்குள் திரும்பி மறைகிறது. புகை தரையோடு தவழ்ந்து கரைகிறது. வரிசையில் தன் வழக்கமான இடத்தை விட்டு அவள் நகரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறாள். யாரும் இல்லை.

"இருக்கேன்" என்கிறாள், மெதுவாக.