பாதியில் நின்ற போஸ்ட்கார்டு

“தேவண்ணே, அந்த பாரிஸ் ரயில்ல தொலைஞ்ச பை கிடைச்சிச்சா இல்லையா?”

மளிகைக்கடை கலாதேவி கேட்ட பிறகுதான் தன் பேருக்குப் போஸ்ட்கார்டு வந்திருப்பதே தேவனுக்குத் தெரிந்தது.

மலேசியாவில், கோப்பெங் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய ரப்பர் தோட்டத்தில் இப்போது பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. ஆனாலும் தபால் மட்டும் இன்னும் கலாதேவி கடைக்குத்தான் வரும். கவருக்குள் வந்தால் பிழைத்தது. வெறும் கார்டாக வந்தால், உரியவர் கைக்குப் போவதற்குள் ஊரே படித்துவிடும்.

தேவனின் கூட்டாளி யுகேந்திரன், லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவன், அப்படியே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். வாரம் தவறாமல் கார்டு போட்டான்.

“‘பையக் காணோம் மச்சான், பதறிப்போய் தேடுனா, அங்க...’ இதோட நிறுத்திட்டாரு. எப்பவும் பாதிதான் எழுதுறாரு. நாலு பேரு பாக்கணும்னு பெரும பீத்திக்கிறாருலா” என்றாள் கலாதேவி.

தேவனுக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி விமலா செத்துப்போன பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுச் சீனி.

“அண்ணே, பைக்குள்ள பாஸ்போர்ட் இருந்துச்சா?”

“தெரியாதுலா. ராத்திரி போன் பண்ணுவான், அப்பதான் மிச்சத்தச் சொல்லுவான்.”

“சரி, இருந்து கேட்டுட்டே போறேன்.”

பின்னாலேயே எதிர்வீட்டு ரோசரி, சூடாகப் பொரித்த வாழைப்பழ பீசாங் கோரெங் பொட்டலத்தோடு வந்துவிட்டாள். கடையைச் சாத்திவிட்டுக் கலாதேவியும் வந்தாள். ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்லிச் சண்டை பிடித்தார்கள். தேவன் இரண்டு தடவை தேத்தண்ணி போட வேண்டியதாயிற்று.

போன் அடித்தது. தேவன் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

“கவர் வாங்கக்கூட காசு இல்லையாலா உனக்கு? ஊரே படிச்சிட்டு இங்க வந்து குந்திக்கிட்டிருக்கு. வீட்டுல தேத்தூளு தீந்துபோச்சு! பை கிடைச்சிச்சா இல்லையா, அதச் சொல்லித் தொலை.”

மறுமுனையில் யுகேந்திரன் சிரித்தான்.

“பையா? அது எங்கயும் தொலையலலா. அண்ணி கருமாதி முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு ஈ காக்காகூட உன் வாசப்படிய மிதிக்கலன்னு அழுதியே மச்சான், அதான்!”